பாட்டிலுக்குக் காவல் யார்? சாஸ், ஜாம், ஊறுகாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் மாசி பிறந்தால் மாவடு, வெயில் ஏறினால் ஆவக்காய், நடுவில் எலுமிச்சை என்று வருடம் முழுக்க ஏதாவது ஒரு ஜாடி ஊறிக்கொண்டே இருக்கும். கடையில் வாங்கும் கெச்சப்பும் சோயா சாஸும் ஜாமும் வேறு. அக்கம்பக்கத்தாரும் உறவுக்காரர்களும் போன் செய்து கேட்கும் கேள்விகளைப் பல வருடமாகக் கவனித்ததில் ஒன்று புரிந்தது. இந்த பாட்டிலைக் கெடாமல் காப்பது எது என்று தெரிந்துவிட்டால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். உப்பா, புளிப்பா, சர்க்கரையா, இல்லை ஆலையில் சேர்த்த ரசாயனமா? இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

எதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், எதை வெளியே வைக்கலாம்?

உப்பும் புளிப்பும் தூக்கலாக, எண்ணெய் மேலே நிற்கும்படி போட்ட வீட்டு ஊறுகாய் வெளியே இருக்கலாம். தேனும் அப்படித்தான். ஃபிரிட்ஜில் வைத்தால் தேன் உறைந்து சர்க்கரை மாதிரி ஆகும், அவ்வளவுதான். சோயா சாஸில் உப்பு மிக அதிகம் என்பதால் வெளியே வைத்தாலும் சீக்கிரம் கெடாது. ஆனால் திறந்தபின் மணம் இறங்கிக்கொண்டே போகும், ஃபிரிட்ஜில் வைத்தால் மணம் நிற்கும்.

கெச்சப்பை ஓட்டல் மேசையில் நாள் முழுக்க வைத்திருக்கிறார்களே என்பார்கள். அங்கே ஒரு பாட்டில் இரண்டு நாளில் காலி. வீட்டில் இரண்டு மாதம் ஓடும். நம் ஊர் வெயிலுக்குத் திறந்த கெச்சப்பும் ஜாமும் உள்ளே இருப்பதே நல்லது. மயோனைஸுக்குப் பேச்சே இல்லை, திறந்ததும் ஃபிரிட்ஜ்தான். பாஸ்தாவுக்கு ஊற்றும் தக்காளி சாஸ் பாட்டிலைப் பலர் கெச்சப் மாதிரி நினைத்து மாதக்கணக்கில் வைக்கிறார்கள். அதில் சர்க்கரையும் வினிகரும் குறைவு. திறந்தால் நாலைந்து நாளில் முடித்துவிடுங்கள்.

லேபிளில் ‘இரண்டாம் வகுப்புப் பதப்படுத்தி சேர்க்கப்பட்டுள்ளது’ என்று இருக்கிறதே, பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம். ஆனால் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டு உணவுச் சட்டம் பதப்படுத்திகளை இரண்டு வகுப்பாகப் பிரித்திருக்கிறது. உப்பு, சர்க்கரை, வினிகர், மசாலாப் பொருட்கள், தேன், சமையல் எண்ணெய் எல்லாம் முதல் வகுப்பு. நம் பாட்டிமார் ஜாடியில் போட்டதெல்லாம் இந்தப் பட்டியலில் அப்படியே இருப்பதைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட், சல்பைட் வகைகள் இரண்டாம் வகுப்பு. இவற்றுக்கு அளவு வரம்பு உண்டு, லேபிளில் சொல்லியே ஆக வேண்டும்.

எண்ணாகப் போட்டிருந்தால், ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் பொருட்களுக்கு உலகம் முழுக்கக் கொடுக்கும் பொது எண்) 211 பென்சோயேட், 202 சார்பேட், 224 ஒரு வகை சல்பைட். 260 என்றால் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம், 330 என்றால் எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம், 440 என்றால் பழத்தில் இருந்து எடுக்கும் பெக்டின். எண் போட்டிருந்தாலே விஷம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் சல்பைட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. சிலருக்கு அது மூச்சிரைப்பைக் கிளப்பும்.

ஊறுகாய் மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் அந்த வெள்ளை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மாவடு மாதிரி உப்புநீரில் ஊறும் ஊறுகாயின் மேல் தட்டையாக, மெல்லிய ஏடு போல, சுருக்கம் விழுந்தாற்போலப் படர்ந்திருந்தால் அது பெரும்பாலும் ஒரு வகை ஈஸ்ட். அதனால் ஆபத்து இல்லை. ஆனால் அது புளிப்பைத் தின்னும், காய் கொழகொழத்துப் போகும். உடனே வழித்து எறிந்துவிட்டு, உப்புநீரை வடித்துக் கொதிக்கவைத்து ஆற்றி, உப்பு கூட்டி ஊற்றினால் ஜாடி பிழைக்கும். பஞ்சு போல உப்பலாக, பச்சை, கறுப்பு, ரோஜா நிறத்தில் இருந்தால் அது பூஞ்சை. அதன் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். முழுவதையும் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும்.

ஒரு வருடம் நான் மூன்று கிலோ மாவடுவைக் கொட்டினேன். ஜாடியைக் கழுவித் துடைத்து, காய்ந்துவிட்டது என்று நினைத்துக் காயைப் போட்டேன். ஜாடியின் கழுத்துக்குக் கீழே, உள்பக்கம் வளையும் இடத்தில், விரல் படாத ஓரத்தில் ஈரம் நின்றிருக்கிறது. அங்கேதான் முதலில் பச்சை பூத்தது. அன்றிலிருந்து ஜாடியை வெயிலில் கவிழ்த்து ஒரு நாள், நிமிர்த்தி ஒரு நாள் வைக்கிறேன். அப்புறம் உள்ளே கையை விட்டு அந்த வளைவைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காயைப் போடுகிறேன்.

மாவடு எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? வடுவை விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், மறுநாள் ஜாடியின் அடியில் கொஞ்சம் நீர். மூன்றாம் நாள் பாதி. நாம் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. உப்புதான் காய்க்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. காய் சுருங்கச் சுருங்க அந்த நீரிலேயே மூழ்குகிறது. மூழ்கியது கெடாது, மேலே தலை நீட்டும் காயில்தான் பூஞ்சை பிடிக்கும். தினமும் குலுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எண்ணெய் மேலே நின்றால் போதும்தானே, கெடாதே?

இல்லை. தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள்.

எண்ணெய் காற்றைத் தடுக்கும், காற்று தேவைப்படும் பூஞ்சையைத் தடுக்கும். ஆனால் காற்றே இல்லாத இடத்தில்தான் வளரும் ஒரு கிருமியும் உண்டு, பெயர் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மண்ணில் இருப்பது. அதன் வித்துகள் சாதாரணக் கொதியில் சாவதில்லை. அது உண்டாக்கும் நஞ்சு நரம்பைத் தாக்கும், உயிரையே எடுக்கும். வாசனையிலோ நிறத்திலோ ருசியிலோ தெரியாமலும் இருக்கலாம். அதை அடக்குவது புளிப்பு. புளிப்பை அளக்கும் எண் பி.எச்., எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6-க்குக் கீழே இருந்தால் இந்தக் கிருமி வளராது.

மாங்காய், எலுமிச்சை, நெல்லி எல்லாம் தானாகவே புளிப்பு, அதனால் கவலை குறைவு. பூண்டு, பச்சை மிளகாய், காளான், காய்கறி ஆகியவற்றில் அந்தப் புளிப்பு இல்லை. இப்போது வீடியோக்களில் பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு அலமாரியில் அழகாக வைக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். பூண்டு எண்ணெய் வேண்டுமென்றால் அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள், மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் முடியுங்கள். பூண்டு ஊறுகாய் போடும்போது புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ தாராளமாக ஊற்றுங்கள், உப்பையும் குறைக்காதீர்கள். ‘உப்பு குறைவான பூண்டு ஊறுகாய்’ என்பதை வீட்டில் நான் செய்ய மாட்டேன்.

பூண்டு ஊறுகாய் பச்சையாக, நீலமாக மாறிவிட்டதே?

ஒன்றுமில்லை, சாப்பிடலாம். பூண்டில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் புளிப்பில் அமினோ அமிலங்களோடு சேர்ந்து அந்த நிறத்தைத் தருகின்றன. சீனாவின் வடக்கே வினிகரில் ஊறவைத்துப் பச்சையாக மாற்றிய பூண்டை விரும்பியே சாப்பிடுகிறார்கள்.

டொமேட்டோ சாஸ் வேறு, கெச்சப் வேறா?

நம் நாட்டுத் தர விதியில் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. கடையில் பெயர்தான் மாறும்.

ஆனால் கெச்சப்பின் கதை நீளம். அந்தச் சொல் தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் மீனை உப்பிட்டு ஊறவைத்த சாறுக்குச் சொன்ன பெயரிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஆங்கிலேயர் அதைப் பார்த்துக் காளானிலும் வால்நட்டிலும் செய்து பார்த்தார்கள். தக்காளிக்கு அப்புறம்தான் வந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் மீஸ் என்பவர் 1812-ல் தக்காளிக் கெச்சப் செய்முறையை அச்சிட்டார். ஹெய்ன்ஸ் நிறுவனம் 1876-ல் விற்கத் தொடங்கியது.

அந்தக் காலத்துக் கெச்சப் நீர்த்து இருக்கும், சீக்கிரம் புளித்துப் பொங்கும். பல ஆலைகள் பென்சோயேட்டைக் கொட்டின. அமெரிக்காவில் 1906-ல் தூய உணவுச் சட்டம் வந்த சமயம், பென்சோயேட் வேண்டுமா வேண்டாமா என்று பெரிய சண்டை. ஹார்வி வைலி என்ற அரசு வேதியியலாளர் வேண்டாம் என்று நின்றார். ஹெய்ன்ஸ் அவர் பக்கம் சேர்ந்தது. நன்கு பழுத்த தக்காளியை எடுத்து, வினிகரையும் சர்க்கரையையும் கூட்டி, பென்சோயேட் இல்லாமலே நிற்கும் கெச்சப்பைச் செய்தது. கெச்சப் இவ்வளவு கெட்டியாகவும் இனிப்பாகவும் புளிப்பாகவும் இருப்பதற்கு இந்த மாற்றம் ஒரு முக்கியக் காரணம். அந்த இனிப்பு ருசிக்கு மட்டும் போட்டதல்ல, காவலுக்கும் போட்டது.

பாட்டிலைக் கவிழ்த்தால் கெச்சப் வருவதில்லை, தட்டினால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. ஏன்?

அசையாமல் இருந்தால் கெட்டி, அசைத்தால் இளகும். அதன் இயல்பு அது. மூடியோடு நன்றாகக் குலுக்கிவிட்டு அப்புறம் ஊற்றுங்கள்.

ஒரு சோயா சாஸ் 60 ரூபாய், இன்னொன்று 300 ரூபாய். அப்படி என்ன வித்தியாசம்?

செய்யும் விதமே வேறு. முறைப்படி செய்வது சோயாவை வேகவைத்து, கோதுமையை வறுத்து உடைத்துக் கலந்து, அஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற நல்ல பூஞ்சையை அதில் வளரவிட்டு, பின் உப்புநீரில் மாதக்கணக்கில் புளிக்கவைத்துப் பிழிந்து எடுப்பது. மலிவான வகையில் கொழுப்பு நீக்கிய சோயாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, சில நாளில் சாறாக்கி, கேரமல் நிறமும் சர்க்கரையும் சேர்ப்பார்கள். லேபிளில் ‘ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்’ என்று இருந்தால் அது இந்த வகை. ‘நேச்சுரலி புரூவ்டு’ என்று இருந்து, பொருள் பட்டியலில் தண்ணீர், சோயா, கோதுமை, உப்பு மட்டும் இருந்தால் அது முதல் வகை. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் இரண்டையும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். புளிக்கவைத்தது செம்பழுப்பாகப் பரவும், முகர்ந்தால் மணம் பல அடுக்காக வரும். மற்றது கறுப்பாகவே நிற்கும், உப்புதான் முன்னால் வரும்.

வீட்டு ஃப்ரைட் ரைஸுக்கு மலிவானதே போதும் என்பவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் தொட்டுச் சாப்பிட என்றால் நல்லதை வாங்குங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இரண்டிலுமே லேபிளைப் பார்க்க வேண்டும்.

நாங்கள் சைவம். எந்த பாட்டிலில் ஏமாற வாய்ப்பு?

ஆய்ஸ்டர் சாஸ், ஃபிஷ் சாஸ் எல்லாம் பெயரிலேயே தெரிந்துவிடும். தெரியாமல் மாட்டுவது வூஸ்டர்ஷயர் சாஸ். இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் லீ அண்ட் பெரின்ஸ் 1837 முதல் விற்பது. அதில் நம் புளியும் இருக்கிறது, நெத்திலி போன்ற மீனும் இருக்கிறது. மீன் சேர்க்காமல் செய்யும் வகைகளும் உண்டு. இந்திய பாட்டிலில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவம், பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்ததில் இந்தக் குறி இருக்காது. இலங்கையிலிருந்து வரும் சீனிச் சம்பல் பாட்டிலிலும் மாசிக் கருவாடு சேர்ந்திருக்கலாம், பார்த்துச் சாப்பிடுங்கள்.

வீட்டில் செய்த ஜாம் இறுகவே இல்லை. என்ன தப்பு?

ஜாம் இறுக மூன்று வேண்டும். பழத்தில் உள்ள பெக்டின், சர்க்கரை, புளிப்பு. கொய்யா, ஆப்பிள், விளாம்பழம் ஆகியவற்றில் பெக்டின் நிறைய. இலங்கையில் விளாம்பழ ஜாம் கடைக்குக் கடை கிடைப்பது எனக்கு எப்போதும் பொறாமை தரும் விஷயம். ஸ்ட்ராபெர்ரியிலும் பைனாப்பிளிலும் பெக்டின் குறைவு, எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் ஆப்பிளும் சேர்க்க வேண்டும். நன்கு கனிந்த பழத்தைவிட முக்கால் பழுத்ததில் பெக்டின் அதிகம்.

அடுத்தது சூடு. சமவெளியில் ஜாம் 104, 105 டிகிரிக்கு வரும்போது இறக்க வேண்டும். அந்தச் சூடு வந்தால் சர்க்கரை 65 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது என்று அர்த்தம். நம் நாட்டுத் தர விதியும் ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. சர்க்கரை அவ்வளவு இருந்தால் கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் மிஞ்சாது.

ஊட்டியில் இருக்கும் ஒருவர் தெர்மாமீட்டர் 105 காட்டும்வரை காய்ச்சிப் பாறையாக்கிவிட்டேன் என்றார். அவர் மேல் தப்பில்லை. 2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீரே சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே ஜாம் 97, 98-லேயே தயார். உங்கள் ஊரில் தண்ணீர் எத்தனையில் கொதிக்கிறதோ அதோடு நாலைந்து டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு தட்டை ஃப்ரீசரில் வைத்து எடுத்து, அதில் ஒரு சொட்டு விட்டு, நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். தோல் மாதிரிச் சுருங்கினால் இறக்கிவிடலாம்.

சர்க்கரை குறைத்து ஜாம் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் காவலைக் குறைத்துவிட்டீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிடுங்கள். மேலே பூஞ்சை தெரிந்தால் வழித்துவிட்டுச் சாப்பிடும் பழக்கம் வேண்டாம், எந்த ஜாமாக இருந்தாலும்.

மயோனைஸைத் தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்களாமே?

எல்லா மயோனைஸையும் அல்ல. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. ஷவர்மா கடைகளில் காலையில் அடித்துவைத்து வெயிலில் இருப்பதில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் வரும் என்பதே காரணம். ஆலையில் பாட்டிலில் அடைத்து வருவது முட்டையில்லாததாகவோ, கிருமி நீக்கிய முட்டையில் செய்ததாகவோ இருக்கும். வீட்டில் பச்சை முட்டையை அடித்துக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள்.

பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கலாமா?

கூடாது. ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டும் கூடாது. சேனை வைப்பது நம் வழக்கம், பெரியவர்கள் ஆசையோடு செய்வது, எனக்கும் தெரியும். ஆனால் மேலே சொன்ன அதே பாட்டுலினக் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். தேனுக்குள் அவை வளராமல் உறங்கும். நம் வயிற்றுக்குள் போனாலும் ஒன்றும் ஆகாது. கைக்குழந்தையின் குடலில் விழித்துக்கொண்டு நஞ்சு உண்டாக்கும். தேனைக் காய்ச்சிக் கொடுத்தாலும் பயனில்லை. பெரியவர்களிடம் சண்டை போடாமல், டாக்டர் சொன்னார் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

பழநி பஞ்சாமிர்தத்திலும் தேன் உண்டு, அதனால் அதுவும் ஒரு வயதுக்குப் பிறகுதான். மலைவாழைப்பழத்தை நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலத்தோடு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிசைவது. அதனால்தான் வெறும் வாழைப்பழம் இரண்டு நாளில் கறுத்துப்போக, இது டப்பாவில் நிற்கிறது. 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியது.

ஊறுகாய்க்கு எந்த வினிகர்?

மலிவான வெள்ளை வினிகர் பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது, லேபிளில் ‘சிந்தெடிக்’ என்று போட வேண்டும். ‘புரூவ்டு’ என்றால் புளிக்கவைத்தது. காப்பதற்கு இரண்டும் உதவும், ருசிக்குப் புளிக்கவைத்ததே மேல்.

ரத்த அழுத்தம் இருக்கிறது. ஊறுகாயை விட்டுவிட வேண்டுமா?

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டும் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். ஊறுகாயிலும் குறைவில்லை. உப்பைக் குறைத்து ஊறுகாய் போட்டால் கெட்டுப்போகும், ஆகவே ஊறுகாயின் அளவைக் குறையுங்கள். தட்டின் ஓரத்தில் சுண்டைக்காய் அளவு. டாக்டர் அதுவும் வேண்டாம் என்றால், எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொள்ளுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் கெர்கின் பாட்டில் பார்த்தேன். நம் ஊர் வெள்ளரியா அது?

வெள்ளரி இனம்தான், பிஞ்சிலேயே பறிப்பது. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஒப்பந்த முறையில் பயிரிடத் தொடங்கி, தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் பரவியது. நம் விவசாயிகள் பறித்து, உப்புநீரிலும் வினிகரிலும் அடைத்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. நம் வீடுகளில் அதைச் சாப்பிடுபவர்கள் மிகக் குறைவு. ஒருமுறை வாங்கித் தயிர்சாதத்துக்குத் தொட்டுப் பாருங்கள், நன்றாகவே சேரும்.

மூடி உப்பியிருக்கிறது, திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது. தேதி இன்னும் இருக்கிறதே?

தேதியைப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். ருசி பார்க்கவும் வேண்டாம். அந்தத் தேதி திறக்காத பாட்டிலுக்குப் போட்டது, அதுவும் சரியாக அடைத்து, சரியாக வைத்திருந்தால்தான்.

ஊறுகாய் தீர்ந்துவிட்டது. அடியில் எண்ணெயும் மசாலாவும் நிற்கிறது. என்ன செய்வது?

புது ஊறுகாயை அதன் மேலேயே போடாதீர்கள். பழையதில் இருக்கும் கிருமி புதியதுக்கும் போகும். அந்த எண்ணெயில் கத்தரிக்காயை வதக்கலாம், தோசை மேல் தடவலாம். எங்கள் வீட்டில் என்றால், ஜாடி காலியான அன்று அம்மா சுடச்சுட வடித்த சோற்றை இரண்டு கை உள்ளே போட்டு, ஜாடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சுவரெல்லாம் துடைத்துப் பிசைவாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து கையை நீட்டுவோம், ஆளுக்கொரு உருண்டை.